செங்கோட்டுவேல் இல்லாத உலகம்

"நாலு" என்றார் வக்கீல் ரெஜினா.

"பத்துக்குங்களா மேடம்?"

"நூத்துக்கு."

செங்கோட்டுவேல் குடிக்கப் போன காப்பியை அப்படியே மேஜையில் வைத்தான். நியூஜெர்சியில் ஓர் இந்திய மளிகைக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது ரெஜினாவின் அலுவலகம். திருச்சிக்காரர். இருபது வருடமாகக் குடியேற்ற வழக்குகள் மட்டுமே நடத்துகிறார். ஜெயித்த வழக்குக்கும் தோற்ற வழக்குக்கும் ஒரே முகத்தைத்தான் வைத்திருப்பார் என்று இவனை அனுப்பிவைத்த நண்பன் முன்பே சொல்லியிருந்தான்.

"அம்பதுக்கு மேல வந்தாத்தான் மேல்முறையீடு ஜெயிக்கும். இது ஒத்திகைதான், நிஜச் சோதனை அடுத்த மாசம். ஆனா அதே மெஷின். ஒத்திகையில நாலு வந்தா நிஜத்துல அஞ்சு வரலாம், மூணு வரலாம். அம்பது வராது."

"நாலுன்னா என்ன அர்த்தமுங்க?"

"நீங்க பொறக்காமயே இருந்திருந்தாலும் உலகம் கிட்டத்தட்ட இப்படியேதான் இருந்திருக்கும்னு அர்த்தம்."

அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ரத்த அழுத்தம் எவ்வளவு என்று நர்ஸ் சொல்வதுபோலத்தான் சொன்னார். இருந்தாலும், நாற்பத்து மூன்று வயதில் இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருக்கிற மனிதனுக்குக் கேட்கப் பிடிக்கிற வாக்கியம் அல்ல அது.

செங்கோட்டுவேல் தொழிலால் வணிக ஆலோசகன். இந்தத் தொழிலைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஊரில் பெண் பிடிக்கவில்லை என்றால் மாப்பிள்ளை வீட்டார் அதை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். ஜோசியரைப் பிடித்து ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்ல வைப்பார்கள். ஆலோசகன் என்பவன் கம்பெனிகளுக்கு அந்த ஜோசியர். இருபது பேரை வீட்டுக்கு அனுப்புவது என்று முதலாளி முடிவெடுத்து ஆறு மாதம் ஆகியிருக்கும். அதைச் சொல்ல வெளியிலிருந்து ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து, திரையில் அறுபது பக்கம் ஓட்டி, முதலாளி மனசில் இருந்ததை முதலாளிக்கே எடுத்துச் சொல்லிவிட்டுப் போவான். கடைசிப் பக்கத்தில் மறக்காமல் ஒரு வரி இருக்கும்: 'இவை ஆலோசனைகள் மட்டுமே. இறுதி முடிவு நிர்வாகத்தினுடையது.' பதினெட்டு வருடத்தில் அந்த வரி இல்லாமல் செங்கோட்டுவேல் ஓர் அறிக்கைகூடக் கொடுத்ததில்லை.

அப்படிப்பட்டவன் 'அசாதாரணத் திறமை உள்ளவர்' என்ற பிரிவில் நிரந்தர வசிப்புரிமைக்கு மனுப் போட்டிருந்தான். கூடவே ஏழு முதலாளிகளின் பரிந்துரைக் கடிதங்கள். ஏழையும் எழுதியவன் அவனேதான். அது தொழில் வழக்கம். முதலாளிகளுக்கு நேரம் ஏது, எழுதிக் கொடுத்தால் கையெழுத்துப் போடுவார்கள். ஐந்து கடிதங்களில் 'தொலைநோக்கு' என்ற சொல் மூன்றாவது வரியிலேயே வந்தது. 'இந்த ஏழு பேரும் ஒரே ஆளைப் போல எழுதுகிறார்கள்' என்று குறிப்பெழுதி அதிகாரி மனுவை நிராகரித்துவிட்டார். மிச்சமிருந்தது மேல்முறையீடு. அங்கே கடிதங்களை யாரும் சீந்துவதில்லை. இன்மைச் சோதனைதான்.

"அது எப்படித்தான் பண்ணுதுங்க மேடம்?"

"போன பதினஞ்சு வருஷத்து உலகம் அதுக்குள்ள இருக்கு. யார் எதை வாங்கினாங்க, எந்த ஆஸ்பத்திரியில யார் சேர்ந்தாங்க, எந்தக் கம்பெனியை மூடினாங்க, எல்லாமே. அதுலேர்ந்து உங்களை மட்டும் எடுத்துட்டு மறுபடி ஓட்டும். பல ஆயிரம் தடவை. நீங்க இருக்கிற உலகத்துக்கும் இல்லாத உலகத்துக்கும் எவ்வளவு வித்தியாசம்னு ஒரு எண் குடுக்கும். ஆனா எல்லா இடத்துலயும் தேடாது. பட்டியல்ல நாம குடுக்கிற வேலைகளைத்தான் பார்க்கும். நீங்க பதினாலு கம்பெனி குடுத்தீங்க. நீங்க இல்லாட்டியும் பதினாலு பேரும் அதே முடிவைத்தான் எடுத்திருக்காங்க. ரெண்டு பேர் ஆறு மாசம் முன்னாடியே எடுத்திருக்காங்க."

செங்கோட்டுவேல் தலையைக் குனிந்துகொண்டான்.

"உங்களை மட்டும் சொல்லல. போன வருஷம் ஆலோசகர்கள் போட்ட மேல்முறையீடு இருநூத்திப் பதினொண்ணு. ஜெயிச்சது ஒம்பது. சமையல்காரருக்கெல்லாம் அறுபது வருது வேல் சார். ஆலோசகருக்குத்தான் வரவே மாட்டேங்குது." ரெஜினா கோப்பைப் புரட்டி ஒரு காகிதத்தை எடுத்து அவன் பக்கம் திருப்பினார். "இது என்ன? உங்க பழைய சான்றிதழ்களோட கிடந்துச்சு."

தங்க நிறக் கரை போட்ட பாராட்டுப் பத்திரம். தனியார் பள்ளிகள் சங்கம் கொடுத்தது.

"அது சின்ன வேலைங்க."

"சின்ன வேலையா? 'நானூறு பள்ளிகள் பின்பற்றிய முன்மாதிரி'ன்னு போட்டிருக்கு. துறை முழுக்கப் பரவின வேலை இருக்கான்னுதான் சட்டமே கேக்குது. இதை ஏன் பட்டியல்ல விட்டீங்க?"

அவன் ஏன் விட்டான் என்று ரெஜினாவிடம் சொல்ல அரைமணி நேரம் ஆனது. நாம் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

பதினோரு வருடம் முன்பு நாமக்கல் பக்கத்தில் ஒன்பது பள்ளிகள் நடத்திவந்த சுலோச்சனா என்ற தாளாளர் செலவைக் குறைக்க வழி கேட்டு அவனைக் கூப்பிட்டார். அவர் எந்த முடிவும் எடுக்காமல் நிஜமாகவே வழி கேட்டார். அவனுடைய பதினெட்டு வருடத்தில் அப்படிக் கேட்டவர் அவர் ஒருவர்தான். அவன் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஸ்கூல் வேன்களில் வந்து நின்றான். ஒவ்வொரு வேனிலும் டிரைவரோடு ஓர் ஆயா இருந்தார். வீட்டு வாசலில் வேன் நின்றதும் ஆயா முதலில் இறங்குவார். குழந்தையைக் கையைப் பிடித்து இறக்கி, ரோட்டைத் தாண்டி விட்டுவிட்டு, திரும்பி வந்து வேனின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டுவார். அந்தத் தட்டல் கேட்காமல் டிரைவர் வண்டியை எடுக்கமாட்டார். ஆயாவுக்குப் பதில் ஆறு கேமரா, டிரைவருக்கு முன்னால் ஒரு திரை, ஆள் இல்லை என்றால் பச்சை விளக்கு என்று செங்கோட்டுவேல் ஒரு திட்டம் போட்டான். ஒற்றை ஆள் வேன் என்று அதற்குப் பேர்.

சுலோச்சனா முடியவே முடியாது என்றார். மூன்று மாதம் அவரை விடாமல் துரத்தி, புள்ளிவிவரம் காட்டி, பரீட்சார்த்தமாக நாலு வேன் ஓட்டிக் காட்டி, கடைசியில் சம்மதிக்க வைத்தான். அந்தக் காலத்தில் அதில் அவனுக்கு ஏகப்பட்ட பெருமை. இரண்டு வருடத்தில் நானூறு பள்ளிகள் ஆயாக்களை அனுப்பிவிட்டன.

பிறகு ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், சுலோச்சனாவின் பள்ளி வேன் ஒன்றிலிருந்து இறங்கிய இலக்கியா என்ற யுகேஜிக் குழந்தை, தண்ணீர் பாட்டிலின் மூடி உருண்டு போனதென்று பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்தது. முந்தின நாள் மழை. கேமராவில் சேறு. திரையில் பச்சை.

விசாரணையில் செங்கோட்டுவேல் வாக்குமூலம் கொடுத்தான். 'நான் யோசனைதான் சொன்னேன். நான் சொல்லாவிட்டாலும் நிர்வாகம் இதைச் செய்திருக்கும்.' ஆதாரமாகக் கடைசிப் பக்கத்தைக் காட்டினான். டிரைவர் சின்னராசுவுக்கு மூன்று வருடம் ஜெயில். சுலோச்சனா பள்ளிகளை விற்றுவிட்டு வீட்டோடு இருந்துகொண்டார். செங்கோட்டுவேலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கப்புறம் அவன் அந்தப் பேச்சே எடுத்ததில்லை.

ரெஜினா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"இதைப் பட்டியல்ல சேர்த்தா எண் ஏறும். எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது. ஆனா அந்தம்மா ஒப்புதல் குடுத்தாத்தான் மெஷின் அவங்க விவரத்தைத் தொடும். அவங்க ஒரு கடிதமும் குடுக்கணும். யோசனை உங்களோடது, நிர்வாகம் மறுத்துச்சு, நீங்கதான் சம்மதிக்க வெச்சீங்கன்னு. நீங்களும் அதையே உறுதிமொழியா எழுதித் தரணும்."

"அங்க விசாரணையில இதுக்கு நேர்மாறாக் கையெழுத்துப் போட்டிருக்கறனுங்களே."

"அது அந்த ஊர் விஷயம். உங்களுக்கு இருக்கிற வழியை நான் சொல்றேன். போறதும் போகாததும் உங்க இஷ்டம்."

ஆலோசகர் பேச்சு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கேட்டான் செங்கோட்டுவேல்.

வீட்டில் தாரணி சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அவர்கள் மகள் மகிழினி சமையல் மேடை மேல் உட்கார்ந்து, அம்மாவைப் பார்த்துக் கைகளால் எதையோ படுவேகமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எட்டு வயது. பிறவியிலேயே காது கேட்காது. ஈரோட்டில் இருந்தவரை அவள் யாரோடும் எதுவும் பேசியதில்லை. கோபம் வந்தால் சுவரில் தலையை முட்டிக்கொள்வாள். இங்கே வந்து, கையால் பேசும் குழந்தைகளும் டீச்சர்களும் நிறைந்த ஒரு பள்ளியில் சேர்ந்த மூன்றாவது மாதம் அவள் ஒரு நகைச்சுவை சொன்னாள். அப்பா குறட்டை விடுவதை அவளால் கட்டிலில் கை வைத்தே கேட்க முடிகிறதாம். அன்றைக்குத் தாரணி பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் அழுதாள். மேல்முறையீடு தோற்றால் முப்பது நாளில் கிளம்ப வேண்டும்.

நாலு என்றதும் தாரணியின் கை மாவிலேயே நின்றது. நாமக்கல் விஷயத்தை அவன் சொன்னபோது மறுபடி பிசைய ஆரம்பித்தாள்.

"அப்ப நான் வயித்துல இவளை வெச்சுட்டு இருந்தேன்" என்றாள். "உங்க மேல தப்பில்லதானுங்களேன்னு கேட்டேன். இல்லைன்னீங்க. அந்த மேடம் முன்னாடியே முடிவு பண்ணிட்டாங்கன்னு சொன்னீங்க."

"ஆமா."

"அது நெசமில்லீங்களா?"

மகிழினி இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என்ன என்று கையால் கேட்டாள். ஒன்றுமில்லை என்று தாரணி மாவுக் கையால் காட்டினாள். பிறகு அவன் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"போன் பண்ணுங்க. அவங்க கால்ல விழுகணும்னா விழுங்க. இவளை மறுபடியும் அந்தச் சுவத்துக்கிட்டக் கொண்டுபோயி விட என்னால முடியாது."

மறுநாள் காலை எட்டு மணிக்கு நாமக்கல்லுக்குப் போன் போட்டான். அங்கே சாயங்காலம். பேரைச் சொன்னதும் எதிர்ப்பக்கம் டிவியை யாரோ அணைத்தார்கள்.

"சொல்லுங்க தம்பி" என்றார் சுலோச்சனா. குரல் மாறவேயில்லை.

அவன் முன்கூட்டியே எழுதிவைத்துக்கொண்டு பேசினான். எழுதியது பாதியில் தீர்ந்துவிட்டது. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அப்ப, அது உங்க யோசனைன்னு நான் சொல்லோணும். நான் வேண்டாம்னதும் நெசம், நீங்க விடாமச் சொல்லி ஒத்துக்க வெச்சதும் நெசம்னு எழுதித் தரோணும். அப்படித்தானுங்களே?"

"ஆமாங்க மேடம்."

"இதைத்தான் தம்பி நான் ஒம்பது வருசத்துக்கு முன்னாடி கோர்ட்டுல சொன்னேன். யாரும் நம்பல. உங்க கடைசிப் பக்கத்தைக் காட்டிப் போட்டீங்க."

அவனுக்கு வியர்த்தது. வெளியே பனி பெய்துகொண்டிருந்தது.

"கொழந்தையக் கையைப் புடிச்சு எறக்கற வேலைய மெசினு பண்ணுங்களான்னு உங்ககிட்டக் கேட்டேன். ஞாபகம் இருக்குங்களா? மனுசனை விட நல்லாப் பண்ணுமுங்கன்னு சொன்னீங்க. நானும் ஒத்துக்கிட்டேன். எம்மேலயும் தப்பு இருக்குது. அதுக்கு நான் யாருகிட்டயும் ஒளிஞ்சுக்கல. சின்னராசுதான் பாவம். தேர்க்கூட்டத்துலகூடத் தலையக் குனிஞ்சுட்டே போறான். கொழந்தையக் கொன்னவன்னு பேரு." அவர் இருமினார். "கையெழுத்துப் போடறனுங்க. ஒரே ஒரு காரியம். நீங்கதான எழுதி அனுப்புவீங்க? உங்க வழக்கம் எனக்குத் தெரியும். உங்க கையாலயே எழுதுங்க. அந்தப் புள்ளை பேரு அதுல இருக்கோணும். சின்னராசு மேல தப்பில்லைன்னு ஒரு வரி இருக்கோணும். அடியில உங்க கையெழுத்தும் இருக்கோணும். ஒரு நகல் எனக்கு."

"எதுக்குங்க மேடம்?"

"சின்னராசுகிட்டக் குடுக்கத்தான். கோர்ட்டுக்கெல்லாம் இனி யாரு போறது. அவன் பொண்டாட்டிகிட்டப் படிச்சுக் காட்டட்டும்."

அந்தக் கடிதத்தை எழுத அவனுக்கு நாலு நாள் ஆனது. ஏழு முதலாளிகளுக்கும் சேர்த்து ஏழு கடிதத்தை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எழுதியவன் அவன். இதில் தொலைநோக்கு என்ற சொல்லுக்கு இடமே வரவில்லை. 'ஆயாக்களை எடுக்க வேண்டாம் என்று தாளாளர் மூன்று முறை மறுத்தார். மூன்று முறையும் நானே சென்று பேசி மாற்றினேன். நான் வராதிருந்தால் இது நடந்திருக்காது. குழந்தை இலக்கியாவின் மரணத்துக்கு ஓட்டுநர் சின்னராசு காரணமல்ல.' கடைசி வரியை எழுதும்போது பேனா இரண்டு தடவை நின்றது. எழுதி முடித்து, பழக்கதோஷத்தில் வாக்கியங்களை இன்னும் அழுத்தமாகச் சொல்ல முடியுமா என்று யோசித்தான். 'நானே சென்று' என்பதை 'நான் ஒருவனே சென்று' என்று மாற்றினான். மாற்றிய பிறகுதான் தான் செய்ததைக் கவனித்தான். எண் ஏற வேண்டும் என்று அவன் கை தானாக வேலை பார்த்திருந்தது.

சோதனை முடிவு வந்த அன்று ரெஜினா போனில் சொல்லாமல் நேரில் வரச் சொன்னார்.

"எண்பத்தெட்டு" என்றார். "நான் பார்த்த ஆலோசகர் யாருக்கும் இவ்வளவு வந்ததில்ல. மேல்முறையீடு ஏற்கப்பட்டது. நீங்க அசாதாரணமானவர். தீர்ப்புல அந்த வார்த்தை மூணு இடத்துல வருது."

செங்கோட்டுவேலுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அதை மறைப்பதற்கில்லை. மகிழினியின் முகம், அவள் பள்ளி, சமையல் மேடையில் அவள் ஆட்டும் கால் எல்லாம் ஒரே நேரத்தில் நெஞ்சில் வந்து முட்டியது. அப்புறம்தான் தீர்ப்போடு பின் குத்தியிருந்த இணைப்பைப் பார்த்தான்.

"இது?"

"நீங்க இல்லாத உலகத்துல என்னென்ன வேறயா இருக்குன்னு பட்டியல். சட்டப்படி அதை உங்களுக்குக் குடுக்கணும். படிக்கணும்னு கட்டாயம் இல்ல."

முதல் பக்கத்திலேயே பேர்கள். அகர வரிசை. ஒவ்வொரு பேருக்கும் எதிரே ஊர், இன்றைய வயது. அவன் இல்லாத உலகத்தில் இன்றைய வயது. கௌதம், ராசிபுரம், பதினாலு. சஃப்ரின், ஆத்தூர், பன்னிரண்டு. ஊர்கள் நாமக்கல்லோடு நிற்கவில்லை. சித்தூர் இருந்தது, பாலக்காடு இருந்தது. நானூறு பள்ளிகள் என்று பாராட்டுப் பத்திரத்தில் போட்டது எவ்வளவு பழைய கணக்கு என்று அவனுக்கு அப்போது தெரிந்தது. மொத்தம் இருபத்தாறு பேர். இலக்கியா நான்காவதாக இருந்தாள். பதினாலு வயது. ஒன்பதாம் வகுப்பு.

"மேடம்" என்றான். "இந்த மெஷின் நல்ல வித்தியாசமா கெட்ட வித்தியாசமான்னு பார்க்காதுங்களா?"

"சட்டத்துல 'அசாதாரணம்'னுதான் இருக்கு வேல் சார். நல்லதுன்னு எங்கயும் இல்ல. நான் ரெண்டு தடவை படிச்சுப் பார்த்துட்டேன்." ரெஜினா தீர்ப்பின் கடைசித் தாளைப் புரட்டினார். அந்த ஒரே முகத்தில் முதல் தடவையாக ஏதோ அசைந்தது. "இன்னொண்ணு சொல்லணும். இந்தப் பிரிவுல வர்றவங்க எந்தத் துறையில அசாதாரணம்னு தீர்ப்பாச்சோ அதே துறையில தொடர்ந்து வேலை பார்க்கணும். அது பழைய விதிதான். உங்களுக்கு என்ன துறைன்னு போட்டிருக்காங்க தெரியுமா? பள்ளி வாகனங்கள்ல ஆள் குறைப்பு."

"நான் வேற ஏதாச்சும்…"

"முடியாது. ரெண்டு வருஷம் கழிச்சு மறுபடி சோதனை வெப்பாங்க. இங்க நீங்க செஞ்ச வேலைய எடுத்துட்டு ஓட்டிப் பார்ப்பாங்க. எண் அம்பதுக்குக் கீழ இறங்கக் கூடாது. சும்மா பேருக்கு வேலை பார்த்தாக் கண்டுபிடிச்சுடும். அப்புறம்…" அவர் கொஞ்சம் தயங்கினார். "அந்தக் கடைசிப் பக்கம் போடற பழக்கத்தை விட்டுடுங்க. முடிவு நிர்வாகத்தோடதுன்னு எழுதினா உங்க எண்ணை நீங்களே குறைச்சுக்கறீங்க."

வேலை தேடி அவன் எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. எண்பத்தெட்டு என்ற எண் அரசாங்கப் பட்டியலில் வெளியான பத்தாவது நாள், அவர்கள் வசிக்கும் மாவட்டத்தின் பள்ளிப் போக்குவரத்து அலுவலகமே கூப்பிட்டது. நூற்று நாற்பது மஞ்சள் பஸ்கள். ஒவ்வொன்றிலும் டிரைவரைத் தவிர ஓர் உதவியாள். நம் ஊர்க் கணக்கில் ஆயா.

இணைப்பை அவன் வீட்டில் காட்டவில்லை. தாரணி தானாகவே அவன் பையிலிருந்து எடுத்து, சமையல் மேடையில் நின்றபடி பதினோரு பக்கத்தையும் படித்தாள். படித்துவிட்டுக் காகிதங்களை ஓரம் சேர்த்துத் தட்டி, இருந்த இடத்திலேயே வைத்தாள். அன்றைக்குச் சாப்பிடும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நம்ம பஸ்ஸை மட்டும் விட்டுடலாமில்லீங்க?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். தாரணி அவனைப் பார்க்கவில்லை. மகிழினியின் தட்டில் தயிர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

விட்டுவிடலாம். ஒரு பஸ் குறைந்தால் எண் ஒன்றும் பெரிதாக இறங்காது. அவன் சொந்தமாக ஓர் ஒத்திகை வாங்கி ஓட்டிப் பார்த்தான். நூற்று நாற்பதுக்கு அறுபத்திரண்டு வந்தது. நூற்று முப்பத்தொன்பதுக்கும் அறுபத்திரண்டுதான். எந்தெந்தக் குழந்தைகளால் அந்த அறுபத்திரண்டு வந்தது என்ற பட்டியலைத் திறக்கவா என்று திரை கேட்டது. வேண்டாம் என்று அழுத்தினான்.

வசந்தம் வந்து பனி கரைந்திருந்த ஒரு காலையில் அவன் மகிழினியைக் கூட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தான். பஸ் எதிர்ப்பக்கம் வந்து நின்றது. உதவியாள் ரோசா இறங்கி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ரோட்டைத் தாண்டி வந்தாள். ஐம்பது வயதிருக்கும், தடித்த தேகம். மகிழினிக்காகவே கைப்பேச்சு கற்றுக்கொண்டவள். மகிழினி அவளுக்கு ஒரு பேர் வைத்திருந்தாள்: ஒரு கை விரல்களை மறு கை பொத்திப் பிடிப்பது. குழந்தையை ஏற்றிவிட்டு ரோசா பஸ்ஸின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டுவாள். உள்ளே தகரத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு மகிழினி அந்தத் தட்டலுக்காகக் காத்திருப்பாள். அதைத் தன்னால் கேட்க முடிகிறது என்பது அவள் கட்சி.

"உங்கள் மகள் எல்லாரிடமும் சொல்லிவிட்டாள்" என்றாள் ரோசா ஆங்கிலத்தில். "அப்பாவுக்கு அரசாங்கம் அசாதாரணமானவர் என்று எழுதிக் கொடுத்திருக்கிறதாமே. வாழ்த்துகள்."

அவன் நன்றி சொன்னான்.

"எனக்கும் ஒரு அதிர்ஷ்டம். எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் வேலை முடிந்தது என்று கடிதம் வந்துவிட்டது. எனக்கு மட்டும் வரவில்லை. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை." அவள் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். "பாவம், இருபத்திரண்டாம் நம்பர் பஸ்ஸில் என் தங்கை. நேற்றோடு சரி."

மகிழினி ரோசாவின் உதடுகளைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவள் கைகள் வேகமாக அசைந்தன. இருபத்திரண்டில்தான் அமீனா வருவாள். அமீனாவுக்கும் காது கேட்காது. இனிமேல் அவளை யார் பிடித்து இறக்குவார்கள்?

கேமரா இருக்கிறது என்று அவன் கையால் சொன்னான். பச்சை விளக்கு எரியும்.

அமீனாவுக்கு வண்டிச் சத்தம் கேட்காதே, என்றாள் மகிழினி. ரோட்டில் அவள் எதையாவது குனிந்து எடுப்பாள். எப்போதும் எடுப்பாள். கூழாங்கல் சேர்க்கிறாள். ரோசாவின் தங்கையையெல்லாம் யார் போகச் சொன்னது?

செங்கோட்டுவேல் கையைத் தூக்கினான். நாமக்கல்லில் நடந்ததை ஒரு தடவை ஒப்புக்கொண்டு எழுதியவன். எழுதியதன் அடியில் கையெழுத்துப் போட்டவன். நான் ஒருவனே என்று திருத்தியவன். மாவட்டத்துக்குக் கொடுத்த அறிக்கையில், பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாகக் கடைசிப் பக்கத்தை விட்டவன்.

நான் இல்லை, என்று மகளிடம் கையால் சொன்னான். ஆபீஸில் இருப்பவர்கள் முடிவு செய்தார்கள்.

மகிழினி அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சரி என்று தலையாட்டிவிட்டு ரோசாவின் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினாள். பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, தகரத்தில் உள்ளங்கையை வைத்தாள். ரோசா இரண்டு தட்டுத் தட்டினாள்.